வெள்ளைத் தட்டை வாங்குங்கள்

பிரான்சுக்குப் புறப்படும் பயணிகளுக்கு,



இந்தக் கோடையிலோ அடுத்த ஆண்டோ பிரான்சுக்கு வரப்போகிற உங்களில் பலருடைய பட்டியலில் பீங்கானும் இருக்கும். வாசனைத் திரவியம், சாக்லேட், அதற்குக் கீழே "நல்ல பிரெஞ்சுப் பீங்கான் கொஞ்சம்". நான் பாரிஸில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. அவர்கள் பெட்டியில் வைத்து எடுத்துப்போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்: விளிம்பில் பொன் கோடு போட்ட சின்னக் கோப்பைகள், தோட்டத்தில் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்கும் படம் பதித்த தட்டு, மூடியில் ஈஃபிள் கோபுரம் ஒட்டிய சின்னப் பெட்டி. எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் போகும். யாரும் அதில் சாப்பிடப்போவதில்லை. அதில் எத்தனை உண்மையிலேயே பிரான்சில் செய்தவை என்பதையும் வாங்கியவர்கள் பார்ப்பதில்லை.

எனக்கு இது வருத்தம் தருகிறது. இந்த நாட்டில் மிக நல்ல பீங்கான் செய்கிறார்கள். அதை நீங்கள் பார்க்காமலே திரும்பிப் போகிறீர்கள். அதனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பொன்னும் பூவும் போட்டதை விட்டுவிட்டு, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு வெள்ளைத் தட்டைத் தேடுங்கள். முடிந்தால் அதை, பீங்கானுக்குப் பேர்போன லிமோஜ் நகரத்துக்கே போய் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் சாப்பிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

கடினப் பீங்கானின் செய்முறை நெடுங்காலம் கிழக்காசியாவிடம் மட்டுமே இருந்தது. சீனாவின் சிங்தெசன் நகரத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1712லும் 1722லும் எழுதிய கடிதங்கள் அந்தச் செய்முறையையும் அதற்கு வேண்டிய வெண்களிமண்ணையும் ஐரோப்பாவுக்கு விவரித்தன. அதற்குச் சற்று முன்பே ஜெர்மனியின் மைசன் நகரத்தில் ஆலை தொடங்கிவிட்டது. பிரான்சிலோ அந்த மண் நல்ல தரத்தில் கிடைக்கவில்லை. செவ்ரில் இருந்த அரசரின் ஆலையில் கூட மண்ணோடு கண்ணாடிப் பொடி கலந்து, பார்வைக்குப் பீங்கான் போலத் தோன்றும் மென்மையான பொருளைத்தான் செய்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கத்தி பட்டால் கீறல் விழும்.

1768 வாக்கில் லிமோஜுக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேந்த்-இரியே என்ற சிற்றூரில் அந்த மண் கண்ணில் பட்டது. தர்னே என்ற அறுவை மருத்துவரின் மனைவி, துணி வெளுக்கச் சோப்புக்குப் பதிலாக உதவுமா என்று, வழுவழுப்பான ஒரு வெள்ளை மண்ணை எடுத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். கணவர் அதை போர்தோ நகரத்து மருந்தாளர் விலாரிஸிடம் காட்ட, அவர் அது என்னவென்று கண்டுகொண்டார். அரசரின் ஆலை வேதியியலாளர் மக்கேர் சோதித்து உறுதி செய்தார். அப்போது அந்த வட்டாரத்தை ஆண்ட அரசு அதிகாரி துர்கோ, பின்னாளில் பதினாறாம் லூயியின் நிதியமைச்சரான அதே பொருளியல் அறிஞர். ஏழை வட்டாரத்துக்கு ஒரு தொழில் வரட்டும் என்று அவர் துணை நின்றார். 1771இல் லிமோஜில் முதல் பீங்கான் ஆலை எழுந்தது.

மண் இருந்தால் போதுமா? தண்ணீரும் விறகும் வேண்டுமே. லிமோஜில் வியேன் ஆறு ஓடுகிறது. மலைக்காட்டில் வெட்டிய மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு, நகரத்தின் நவே துறையில் தடுத்துப் பிடித்துக் கரையேற்றினார்கள். ஆலைகள் அந்தக் கரையையே ஒட்டி முளைத்தன. இன்றைக்கு அந்த விறகும் இல்லை, சேந்த்-இரியே மண்ணும் இல்லை. களிமண் வெளியிலிருந்து வருகிறது, சூளை எரிவாயுவில் எரிகிறது. லிமோஜில் தங்கியிருப்பது கைப்பழக்கம்தான். அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் உங்களை அங்கே போகச் சொல்கிறேன்.

ஒரு தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், வெள்ளைக்கு நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்பது புரியும். ஏறக்குறையப் பாதி வெண்களிமண், மீதியில் படிகக்கல் பொடியும் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைப் பொடியும். இந்தக் கலவையில் வடிவம் செய்து உலர்த்தி, 900 முதல் 1,000 டிகிரி வரையிலான சூட்டில் ஒரு முறை சுடுவார்கள். அப்போது அது நுண்துளைகள் நிறைந்த, தண்ணீரை உறிஞ்சும் பொருளாக இருக்கும். அதைக் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்து, 1,400 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பாறைப் பொடி உருகி, மண்ணும் பூச்சும் ஒன்றாகிவிடுகின்றன. மேலே பூசியது ஏடு போல உரிந்து வராது. அது உடம்போடு உடம்பாகக் கலந்திருக்கும்.

ஆனால் இதே சூட்டில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. சுடும்போது பொருள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. உச்சச் சூட்டில் அது மெல்ல இளகி, தன் எடையாலேயே தொய்யப் பார்க்கிறது. களிமண்ணில் இரும்புத் துகள் ஒன்று தப்பி வந்திருந்தால், கறுப்புப் புள்ளியாக வெளியே வரும். பூச்சில் காற்றுக் குமிழி இருந்தால் ஊசிமுனைத் துளை விழும். சின்னக் கோப்பை தப்பித்துக்கொள்ளும். அகலமான, சமதளமான, விளிம்பில் வளைவு நெளிவில்லாத பெரிய தட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு பொருளையும் ஒருவர் கையில் எடுத்து, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் பிரிப்பார். குறையில்லாதது முதல் தரம். சின்னப் புள்ளி இருப்பது இரண்டாம் தரம். மற்றது உடைபடும்.

புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு இலையோ பூச்சியோ வரைந்து மறைப்பது பீங்கான் தொழிலில் பழைய வழக்கம். மைசன், செவ்ர், லிமோஜ் என்று எந்த ஊரும் இதற்கு விலக்கில்லை. அலங்காரமெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. மிக உயர்ந்த ஓவியர்கள் பீங்கானில் வரைந்திருக்கிறார்கள். ஒகூஸ்த் ரெனுவார் 1841இல் லிமோஜில்தான் பிறந்தார். குடும்பம் பாரிஸுக்குப் போன பிறகு, 13 வயதில் பீங்கான் ஓவியரிடம் தொழில் பழகினார். ஆனால் பூப்போட்ட தட்டில் பூதான் முதலில் தெரியும், மண் தெரியாது. வெற்று வெள்ளைத் தட்டில் மறைக்க எதுவுமில்லை. அதைச் செய்தவருடைய வேலை முழுதும் உங்கள் கண்முன் நிற்கிறது. அதனால்தான் ஒரு நல்ல ஆலையின் முதல் தர வெள்ளைத் தட்டு, பார்க்க எளிமையாக இருந்தும், பூப்போட்ட மலிவுத் தட்டைவிட விலை கூடுகிறது.

இனி கடையில் நிற்கும்போது என்ன செய்வது?

முதலில் தட்டைத் திருப்புங்கள். அடியில் மேசையில் படும் வளையத்துக்கு மட்டும் பூச்சு இருக்காது. அதை விரலால் தடவினால், முட்டை ஓட்டைத் தடவுவது போல மிக நுண்ணிய சொரசொரப்பு தெரிய வேண்டும். நிறம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். பழுப்போ சாம்பலோ தெரிந்தால் அது வேறு மண். அடுத்து, தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, மறுபக்கம் உங்கள் விரல்களை அசையுங்கள். விரல் நிழல் தட்டினூடே நகர்வது தெரிகிறதா? மெல்லிய பீங்கானில் தெரியும், மண்பாண்ட வகையில் தெரியாது. ஐந்து விரலாலும் அடியிலிருந்து தாங்கிக்கொண்டு, விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலி இழுத்து நிற்க வேண்டும். டொக்கென்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பிறகு கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்து இரண்டு ஓரத்தையும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் சூளையில் தொய்ந்தது. ஆறு தட்டு வாங்குவதென்றால் ஆறையும் அடுக்கி, கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து இடைவெளிகளைப் பாருங்கள். கடைக்காரர் கோபிக்கமாட்டார். இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் நல்ல கடைகளில் மரியாதை கூடும்.

அதற்குப் பிறகுதான் முத்திரை. பழைய லிமோஜ் பொருள்களில் பெரும்பாலும் இரண்டு முத்திரைகள் பார்க்கலாம். ஒன்று பச்சை நிறத்தில் பூச்சுக்கு அடியில் இருக்கும். அது வெள்ளைப் பொருளைச் செய்த ஆலையுடையது. குரோமியப் பச்சை பெரிய சூட்டைத் தாங்கும் என்பதால் அந்த நிறம். மற்றது பூச்சுக்கு மேலே, சிவப்பிலோ பொன்னிலோ இருக்கும். அது அலங்காரம் செய்தவருடையது. இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், வேறு வேறு நாடாகக்கூட இருக்கலாம். 1861இல் ஆபிரகாம் லிங்கன் குடும்பத்துக்காக வெள்ளை மாளிகைக்குப் போன ஊதாக் கரைத் தட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். பீங்கான் லிமோஜின் ஹாவிலண்ட் ஆலையுடையது. வண்ணமும் கழுகுச் சின்னமும் நியூயார்க்கில் ஏறியவை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் பலர் லிமோஜ் வெள்ளைத் தட்டுகளை வரவழைத்து வீட்டில் ஓவியம் தீட்டினார்கள். அவையெல்லாம் இன்று பழம்பொருள் சந்தைகளில் "லிமோஜ் ஓவியம்" என்று விலைபோகின்றன. வெள்ளை லிமோஜுடையது என்பது உண்மை. ஓவியம் யாருடையது என்பது வேறு கேள்வி.

புதுப் பொருளுக்கு வழி எளிது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் இருந்த புவிசார் குறியீட்டைக் கைத்தொழில் பொருள்களுக்கும் நீட்டியது. அதன்படி 2017 டிசம்பரில் "போர்ஸ்லேன் த லிமோஜ்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடிவம் செய்வது, சுடுவது, அலங்கரிப்பது எல்லாம் லிமோஜ் அமைந்திருக்கும் ஓத்-வியேன் மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். காஞ்சிபுரம் பட்டுக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் நாம் வாங்கியிருக்கிற அதே வகைப் பாதுகாப்பு இது. "இதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். "லிமோஜ் பாணி", "லிமோஜ் மரபு" என்று மழுப்பலாகப் பதில் வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஓவியம் போட்டதுதான் வேண்டும் என்பவர்கள் "பேன் மேன்" என்று அடியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முழுக்கக் கையால் தீட்டியது என்று பொருள். "ரெஓசே மேன்" என்றால் அச்சுப் படத்தின்மேல் அங்கங்கே கையால் தொட்டது. கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் பெரிதாக்கினால், அச்சுப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்; தூரிகை வேலையில் வண்ணம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். கீல் வைத்த சின்ன லிமோஜ் பெட்டிகளை வாங்கும்போது இந்தச் சோதனை கட்டாயம். ஆழ்ந்த நீலத்தில் வருவதைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1,400 டிகிரியிலேயே கோபால்ட் நீலத்தைச் சுட்டு எடுப்பது மிகக் கடினமான வேலை, குறை நிறைய விழும், அதனால் உண்மையான சூளை நீலம் விலை அதிகம். அது நியாயமான விலை.

செவ்ர் பற்றிக் கேட்பீர்கள். 1740இல் வேன்சேனில் தொடங்கி, 1756இல் பாரிஸை ஒட்டிய செவ்ருக்கு மாறி, பதினைந்தாம் லூயியின் சொத்தாகி, இன்றும் அரசு ஆலையாகவே இயங்குகிறது. அதன் அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். பாரிஸ் மெட்ரோவின் ஒன்பதாம் தடத்தில் கடைசி நிறுத்தம், பாலத்தைத் தாண்டினால் வாசல். ஆனால் சந்தையில் "செவ்ர்" என்று சொல்லித் தருவதை வாங்காதீர்கள். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகள் கொண்ட அந்த முத்திரையைப் போல உலகத்தில் போலி செய்யப்பட்ட பீங்கான் முத்திரை வேறில்லை என்றே சொல்லலாம். காரணமும் உண்டு. 1800இல் பொறுப்பேற்ற இயக்குநர் ப்ரோன்ஞார், பணமுடையைத் தீர்க்கப் பழைய மென்பீங்கான் வெள்ளைச் சரக்கை விற்றுத் தள்ளினார். அதை வாங்கியவர்கள் வெளியே அலங்கரித்து, அரசர் காலத்துப் பொருளாக விற்றார்கள். ஆக, மண் செவ்ருடையது, ஓவியம் பொய் என்று ஒரு வகை புழங்குகிறது. அதைக் கண்டுபிடிக்க வாழ்நாள் பயிற்சி வேண்டும்.

வேறு சில பெயர்களையும் கடையில் கேட்பீர்கள். ஜியன், கம்பேர் இரண்டும் பீங்கான் அல்ல; பூச்சிட்ட மண்பாண்ட வகை. 1821இலிருந்து நடக்கும் ஜியன் ஆலையின் வண்ணங்கள் எனக்கு மிகப் பிடிக்கும், கம்பேரின் காது வைத்த கிண்ணங்களும் அப்படித்தான். விரும்பி வாங்குங்கள், ஆனால் பீங்கான் விலை கொடுக்காதீர்கள். இந்த வகையில் நாள்பட்டால் பூச்சில் வலைவலையாக விரிசல் விழும். நம் சமையலின் மஞ்சளும் எண்ணெயும் அதற்குள் இறங்கினால் போகவே போகாது. 1,400 டிகிரிப் பீங்கானில் சாம்பாரை இரவு முழுக்க வைத்தாலும் கறை ஒட்டாது. உறுதியான அன்றாடப் பாத்திரம் வேண்டுமென்றால், பெர்ரி வட்டாரத்தில் 1818இலிருந்து இயங்கும் பிலிவுயி ஆலையின் தடித்த வெள்ளைப் பீங்கானைக் கேளுங்கள். பிரெஞ்சு உணவகங்களின் சமையலறைகளில் புழங்குவது இதுபோன்ற சரக்குதான். இரண்டு பக்கமும் சிங்கத் தலை வைத்த அதன் சூப் கிண்ணம், அடுப்பிலிருந்து நேரே மேசைக்கு வரும்.

பாரிஸைவிட்டு நகர நேரமில்லாதவர்கள் லா ஷப்பேலுக்கு எப்படியும் வருவீர்கள். பொங்கலும் தோசையும் புடவையும் அங்கேதான். அங்கிருந்து ஃபோபூர் சேன்-தெனி தெருவிலேயே கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால், வலதுகைப் பக்கம் பிரியும் தெரு ரூ த பாரடி. ஒரு காலத்தில் பாரிஸின் பீங்கான், படிகக் கண்ணாடி வணிகம் முழுதும் அந்தத் தெருவில் இருந்தது. பக்கத்திலுள்ள கிழக்கு ரயில் நிலையத்தில் (கார் த லெஸ்த்) இறங்கும் சரக்கு அருகிலேயே தங்கியது. பெரிய கடைகள் பல மூடிவிட்டன. 18ஆம் எண் கட்டடத்துக்குள் பழைய ஓடுகளால் ஆன சுவர்ச் சித்திரங்கள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தொழிலின் செல்வச் செழிப்பை அங்கே பார்க்கலாம்.

பழம்பொருள் பிரியர்களுக்கு சனி, ஞாயிறு காலைகளில் வான்வ் வாசலில் கூடும் தெருச் சந்தையைச் சொல்வேன். சேந்துவான் சந்தை இன்னும் பெரியது, விலையும் பெரியது. பழைய தட்டில் சாப்பிட நினைத்தால் ஒரு கவனம் வேண்டும்: பூச்சுக்கு மேல் தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ரசம், தயிர், ஊறுகாய் போன்ற புளிப்பை அவற்றில் வைக்கக் கூடாது. இதுவும் வெற்று வெள்ளையை நான் சிபாரிசு செய்வதற்கு ஒரு காரணம்.

இப்போது லிமோஜ். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பலாம், ஓர் இரவு தங்கினால் இன்னும் நல்லது. 1929இல் திறந்த லிமோஜ் நிலையமே பார்க்கத்தக்கது; தண்டவாளங்களுக்கு மேலேயே கட்டிய செப்புக் கவிமாடமும் உயரமான கடிகாரக் கோபுரமும் ஊருக்குள் எங்கிருந்தும் தெரியும். புல்வார் லூயி பிளான் தெருவில் பீங்கான் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1797இல் தொடங்கிய ரொயால் லிமோஜ், 1863இல் வேர்விட்ட பெர்னார்தோ போன்ற ஆலைகளுக்குச் சொந்த விற்பனைக் கூடங்களும் உண்டு. பெர்னார்தோவில் செய்முறையைச் சுற்றிக் காட்டுவார்கள். அதை முடித்துவிட்டு வாங்கப் போங்கள், கண் மாறியிருக்கும். ஆலைக் கடைகளில் "ஸெகோன் ஷுவா" என்று எழுதிய அலமாரிகளைத் தேடுங்கள். அதுதான் இரண்டாம் தரம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்காக விலை கணிசமாகக் குறைந்திருக்கும். சாப்பிட வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் பிரான்சில் இல்லை. வரிசை நிறுத்தப்பட்ட மாதிரிகளைத் தனியாக விற்பார்கள். அவையும் நல்லவையே, ஆனால் ஒன்று உடைந்தால் ஜோடி சேர்க்க முடியாது.

வாங்குவதற்கு முன் அத்ரியான் துபூஷே அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் இருங்கள். உலகத்திலேயே லிமோஜ் பீங்கான் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடம் அது. பிறகு ஆற்றங்கரைப் பக்கம் இறங்கி, காஸோ சூளையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட்டச் சூளை, இரண்டு அடுக்கு. கீழே பெரிய சூட்டில் பூச்சு சுடும், மிஞ்சிய சூட்டில் மேலடுக்கில் முதல் சுடுதல் நடக்கும். நீங்கள் உள்ளே நுழைந்து நிற்கலாம். சாம்பல் படாமலிருக்க ஒவ்வொரு தட்டையும் ஒரு தீமண் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிகளைக் கூரை வரை ஆட்கள் கையால் அடுக்கினார்கள். அவற்றைத் தலையில் சுமந்து ஏணி ஏறினார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று பார்த்தால்தான், கடையில் விலைச்சீட்டுக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருந்தது என்று உறைக்கிறது.

அந்த உழைப்பாளிகளைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். லிமோஜைச் சிவப்பு நகரம் என்பார்கள். பிரான்சின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான செ.ஜெ.தே 1895இல் பிறந்தது இங்கேதான். 1905 வசந்தத்தில் ஹாவிலண்ட் ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. மேற்பார்வையாளர் ஒருவர் பெண் தொழிலாளர்களிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார், அவரை நீக்க வேண்டும் என்பது கோரிக்கைகளில் முதன்மையானது. கூலிக்காக மட்டும் அல்ல, பெண்களின் மானத்துக்காகவும் ஒரு நகரமே வேலையை நிறுத்தியது. முதலாளிகள் ஆலைக் கதவுகளைப் பூட்டினார்கள். தெருக்களில் தடுப்புகள் எழுந்தன, ராணுவம் வந்தது. ஏப்ரல் 17 அன்று படையினர் சுட்டதில் கமிய் வார்தெல் என்ற இளம் தொழிலாளி இறந்தார். அந்தக் காலத்துத் தட்டுகள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. பொன் விளிம்பை அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள் பெண்கள்தான். அந்த நகரத்துக்கு நீங்கள் செலவழிக்கும் பணம், இன்றைக்கு எண்ணிக்கையில் மிகச் சுருங்கிவிட்ட அவர்களுடைய வாரிசுகளின் கைக்குப் போகிறது. போலிக்குக் கொடுத்தால் அது போவதில்லை.

இனி பணத்தையும் பெட்டியையும் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்கும் 16 வயது நிறைந்த எவரும், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், விலையில் சேர்ந்திருக்கும் 20 சதவீத வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டி "தேதாக்ஸ்" படிவம் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். முழு வரியும் கைக்கு வராது, இடையிலிருக்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விமான நிலையத்தில் பெரிய பெட்டிகளை ஒப்படைப்பதற்கு முன்பே "பாப்லோ" இயந்திரத்தில் படிவத்தைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பீங்கான் அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும். குழுச் சுற்றுலாவில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு செய்ய வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் இடத்தில். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பாரிஸிலிருந்து பேருந்தில் சூரிக் போய் அங்கிருந்து விமானம் ஏறும் திட்டமென்றால், எல்லைச் சாவடியில் பேருந்து நிற்குமா என்று புறப்படும் முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

தட்டுகளைப் பெட்டியில் படுக்க வைக்காதீர்கள்; ஒவ்வொன்றுக்கும் இடையே காகிதம் வைத்து, செங்குத்தாக நிறுத்துங்கள். மேலிருந்து விழும் எடையை விளிம்பு தாங்கும், நடுப்பகுதி தாங்காது. கோப்பைக்குள் காலுறையைத் திணித்து, பிடியைத் துணியால் சுற்றுங்கள். அதிகம் வாங்கினால் கடையையே அனுப்பச் சொல்லலாம். லிமோஜ் கடைகளுக்கு வெளிநாட்டுக்குச் சிப்பம் கட்டுவது பழகிய வேலை.

வீட்டுக்குப் போனதும் அலமாரியில் பூட்டாதீர்கள். வெற்று வெள்ளைக் கடினப் பீங்கான் சூட்டுக்கும் புளிக்கும் அஞ்சாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் மைக்ரோவேவுக்கும் அஞ்சாது. பொன் விளிம்பு போட்டதை மட்டும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஆறு பேர் செட்டுக்குப் பணம் போதாவிட்டால், வீட்டில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கைக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டு வாங்குங்கள். வெள்ளை வரிசைகளைப் பல ஆலைகள் ஆண்டுக்கணக்காக நிறுத்தாமல் செய்கின்றன; அடுத்து யாராவது பிரான்சுக்கு வரும்போது மேலும் இரண்டு சேர்க்கலாம். அந்த வரிசையின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. சட்டப்படியான தள்ளுபடிக் காலம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியில் ஒன்றும் ஜூன் கடைசி வாக்கில் தொடங்கி இன்னொன்றும், தலா நான்கு வாரம். ஞாயிற்றுக்கிழமை லிமோஜ் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்கள் காலையும் நம்ப முடியாது. மதியம் 12 மணிக்கு மேல் இரண்டு மணி வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். ஆகவே செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளை ஒதுக்கி, காலை முதல் ரயிலைப் பிடியுங்கள். உங்கள் சுற்றுலா அமைப்பாளரின் அட்டவணையில் லிமோஜ் இல்லையென்றால், பாரிஸில் "விருப்பம் போல் கடைவீதி" என்று விட்டிருக்கும் நாளை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாரிஸிலிருந்து உங்களில் ஒருவர்